தொந்தரவு இல்லாத மனுஷன்

தேசப்பனுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அந்தக் காலனியில் அவர் மருமகள் கிறிஸ்டினாவுக்கு நல்ல பெயர். அதற்கு முன்னால் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னவர்கள் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவாள், தூங்கிக்கொண்டே வருவாள். தெருவில் நின்று யாரிடமும் பேச நேரமிருக்காது. அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமனார் படுக்கையில் விழுந்த வாரமே வேலையை விட்டு வீட்டோடு இருந்துவிட்டாள் பாருங்கள், திமிர் ஒரே நாளில் காணாமல் போய்விட்டது.

வேலையை விட்டது அவளாக எடுத்த முடிவு என்றும் சொல்ல முடியாது. தேசப்பனின் தங்கை, அதாவது கிறிஸ்டினாவின் புருஷன் பீட்டருக்கு அத்தை, வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுது முடித்துவிட்டு, ஆள் வைத்துப் பார்ப்பதெல்லாம் டவுன்காரர்கள் சமாச்சாரம், பெற்ற பிள்ளையும் மருமகளும் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியாள் கை படலாமா என்று கேட்டாள். பீட்டருக்கு இரும்பு உருக்கும் மில்லில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவன் சம்பளம்தான் கூட. ஆகவே யார் வேலையை விடுவது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை.

பீட்டர் விடிவதற்கு முன்னால் எழுந்து அப்பாவைத் துடைத்து, துணி மாற்றி, புது டயப்பர் கட்டிவிட்டுப் போவான். சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு மறுபடி அதே வேலை. நடுவில் பகல் முழுக்க கிறிஸ்டினா. சோறு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள் பாடு. டயப்பர் நிறைந்தால் மாற்றுவதும் அவள்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அது அவள் தலையில் விழுந்திருந்தது.

முதல் நாள் அவளுக்கு உதறலாகத்தான் இருந்தது. அசிங்கம் பார்க்கிறவள் இல்லை அவள். ஆனால் இந்த மனுஷர் கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. வாசலில் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார், அவள் எழுந்து முந்தானையைச் சரி செய்துகொள்ள நேரம் கொடுத்து. அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தால் பேத்தியைக் கூப்பிட்டு, “ஷைனி, உங்கம்மாவ சோறு போடச் சொல்லு” என்பார். ஷைனி ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன பிறகு கோழியிடமும் சுவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கிறிஸ்டினாவும் அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அது பயமில்லை, வெறுப்புமில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் மாமனாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் மரியாதை அப்படி.

நல்ல காலம், அந்த முதல் நாள் டயப்பர் காய்ந்தே கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. பகலில் அவர் ஒரு தடவைகூட நனைக்கவில்லை. கிறிஸ்டினா உள்ளுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டபோதெல்லாம், “எங்க மாமாவால ஒரு தொந்தரவும் இல்லக்கா” என்று பெருமையாகவே சொன்னாள். குடுத்து வெச்சவடி நீ என்று அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மருமகளா என்று அவள் பெயரைச் சொல்லியே பேசினார். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தொந்தரவு இல்லாத அந்த மனுஷர்தான் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வந்தார். உதடு வெடித்தது. நாக்கு தடித்துப் போய்ப் பேச்சு இன்னும் குழறியது. சாதத்தில் ரெண்டு வாய் வாங்குவார், தண்ணீர் டம்ளரைக் கொண்டு போனால் வாயைப் பூட்டிக்கொள்வார். செத்துப்போன பொண்டாட்டி கூப்பிடுகிறாள் என்றாள் அத்தை. பீட்டரின் அம்மா சர்ச்சுக்குப் போனவள், தேசப்பன் இன்று வரைக்கும் தேசம்மன் கோயிலை விடாதவர். ஆகவே இரண்டு பக்கமும் வைத்தியம் நடந்தது. போதகர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். கோயிலிலிருந்து துன்னூறு வந்தது. தேசப்பன் இரண்டையும் ஒன்றுபோல வாங்கிக்கொண்டார், வாயை மட்டும் திறக்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கண் செருகிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோ பிடித்துப் பொன்னேரிக்குக் கொண்டு போனார்கள். நீர் போகிற பாதையில் கிருமி, உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி தாங்காது என்றார் டாக்டர். நர்ஸ் கிறிஸ்டினாவை ஏற இறங்கப் பார்த்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிம்மா குடுக்கற என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். குளுக்கோஸ் ஏற்றியதில் ஆள் எழுந்து உட்கார்ந்தார். அனுப்பும்போது டாக்டர், இன்னொரு தடவை இந்த மாதிரி கொண்டு வந்தால் காப்பாற்ற முடியும் என்று சொல்ல முடியாது, தண்ணீர் கொடுங்கள், அதுதான் மருந்து என்று சொல்லி அனுப்பினார்.

அது தெருவுக்கு வந்து சேரும்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. தண்ணிகூடக் குடுக்காம போட்டு வெச்சிருக்கா என்று அத்தை நாலு வீட்டில் சொல்லிவிட்டாள். இவ்வளவு நாள் கட்டிவைத்த நல்ல பெயர் ஒரு ஆஸ்பத்திரி சீட்டோடு போயிற்று. கிறிஸ்டினாவுக்குப் பெயர்கூடப் பெரிதாகப் படவில்லை. இந்த மனுஷர் தன் கையில் செத்துப்போவார் என்ற பயம் வந்துவிட்டது. அவர் செத்தால் அது தாகத்தில் நடக்கும், பக்கத்தில் டம்ளரோடு தான் நின்றுகொண்டிருப்போம்.

அவளும் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். இளநீர், மோர், நன்னாரி, ஐஸ் போட்ட ரஸ்னா. கெஞ்சினாள். அதட்டினாள். ஒரு நாள் மூக்கைப் பிடித்து ஊற்றலாமா என்றுகூட நினைத்துவிட்டு, நினைத்ததற்காக அடுப்பங்கரையில் போய் அழுதாள். அவர் ஒரு சொட்டு வாங்கவில்லை. டயப்பர் காய்ந்தே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீட்டருக்கு ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு லீவு. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டிக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்லில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கிறிஸ்டினா வாசல் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக எதேச்சையாகப் பார்த்தாள். தேசப்பன் நல்ல கையால் சொம்பைக் காட்டினார். பீட்டர் கொடுத்தான். மடக் மடக்கென்று குடித்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டார், மறுபடி குடித்தார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பீட்டர் எழுந்து மூத்திரக் கேனைப் பிடித்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி அப்பாவும் பிள்ளையும் இருந்தார்கள்.

ஈரத் துணியைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். முதலில் தோன்றியது ஒரே ஒரு விஷயம். நான் விஷம் வைப்பேன் என்று நினைக்கிறாரா? வேலையை விட்டு, தூக்கத்தை விட்டு, இடுப்பு ஒடிய இவரைப் புரட்டிப் புரட்டிப் போட்டதற்குக் கூலி இதுதானா என்று நினைத்தாள். அந்தக் கோபத்தோடுதான் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

அவள் அம்மா ஆரோக்கியமேரி திருவள்ளூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஐயங்கார் வீட்டில் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்த வீட்டு மகன் ஜனார்தனன் கோயில் கைங்கரியத்தில் இருப்பவர், மருமகள் ஹம்ஸா பள்ளிக்கூட டீச்சர். படுக்கையில் இருப்பவர் ஜனார்தனனின் அம்மா, செங்கமலவல்லி. ஆரோக்கியமேரி மகள் சொன்னதையெல்லாம் ‘உம்’ கொட்டிக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். கிறிஸ்டினாவுக்கு அந்த நேரத்தில் அம்மாவைப் பிடிக்கவில்லை.

“வெசமும் இல்ல, மண்ணும் இல்ல. எங்கூட்டம்மாவும் இப்டித்தான். டீச்சரம்மா லீவுல ஊட்ல இருந்தாக்கூட அடக்கிக்கினு கெடக்கும், நா உள்ள போனப்பறந்தான் உடும். ஊட்டு ஆளுங்க கிட்ட கூசும்டி. கூலிக்காரி கிட்ட இன்னா கூச்சம்?”

போனை வைத்துவிட்டுக் கிறிஸ்டினா அங்கேயே உட்கார்ந்தாள். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விளங்கியது. விடிவதற்கு முன்னால் மகன் கழுவிவிட்டுப் போகிறான். அதன் பிறகு அவன் திரும்பி வரும் வரைக்கும் ஒன்றும் வெளியே வரக்கூடாது. வராமல் இருக்க வேண்டுமானால் உள்ளே போகக்கூடாது. அவ்வளவுதான் அவர் கணக்கு. மருமகள் கண் முன்னால் துணி விலகாமல் இருப்பதற்கு அந்த மனுஷர் பகல் பூராவும் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார். அதைத்தான் அவள் தொந்தரவு இல்லை என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். காய்ந்த டயப்பரைப் பார்த்துப் பார்த்து ஆண்டவருக்கு வேறு நன்றி சொன்னாள். நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மறுநாள் பீட்டர் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அவர் பேசுகிற மாதிரியே. “மாமா, நா கண்ண மூடிக்கறேன். இல்ல, போர்வைக்குள்ளயே கேன வெச்சிட்டு வெளில போயிடறேன். தண்ணி மட்டும் குடிங்க.” அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது. உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் இப்படிப் போகிறதே என்று அவளுக்குப் பட்டது.

சாயங்காலம் பீட்டர் சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னாள். பகலுக்கு ஒரு ஆம்பளை ஆளாகப் பார்த்து வைக்கலாம் என்றும் சொன்னாள். அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான். தன்னைத் தோளில் தூக்கிப் பொன்னேரி சந்தைக்கு நடந்த மனுஷன், அவருக்குக் கூலி ஆளா என்றான். நடவு வேலைக்குப் போய்ச் சாணியும் சேறும் மிதித்து வளர்த்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வீட்டில் நாதி இல்லையா என்றான். ஊரே காறித் துப்பும் என்றான்.

“தண்ணி இல்லாம செத்தா துப்பாதாய்யா? அப்போ எம்மேலதான் துப்புவாங்க,” என்றாள் கிறிஸ்டினா. சத்தம் போடவில்லை. சத்தம் போடத் தெம்பில்லை.

அவன் நேரே அப்பாவிடம் போனான். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நைனா, அவ உனக்குப் பொண்ணு மாதிரி. அவகிட்ட இன்னா வெக்கம்?” என்று கேட்டான். கிறிஸ்டினா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் அங்கே நிற்பது தேசப்பனுக்குத் தெரியும்.

வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, எச்சில் வழிய, அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“மாதிரிதாண்டா. பொண்ணு இல்ல. மருமவ.” மூச்சு வாங்கினார். “அவ கண்ணெதிர அம்மணமா கெடந்துட்டு, அப்பறம் அவ கையால சோறு எப்டிடா துன்றது? ஆள வை. இல்லன்னா உட்டுடு, போறேன்.”

பீட்டர் எழுந்தான். வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். சிப்காட் பக்கம் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிறிஸ்டினா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஆறின பிறகு அதைக் குடித்துவிட்டு, மில்லில் கூட வேலை செய்கிறவனுக்கு மீஞ்சூரில் ஒரு ஆளைத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

வந்தவன் பெயர் எபினேசர். தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்துவிட்டு இப்போது வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறவன். மீஞ்சூரிலிருந்து பைக்கில் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இன்னா பெருசு, ரொம்ப பேஜார் பண்றியாமே என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கிறிஸ்டினா வெளியில் நின்றாள். செய்ய ஒரு வேலையும் இல்லாமல் நிற்பது எப்படி என்று மறந்து போயிருந்தது. உள்ளே எபினேசர் எதையோ சொன்னான். அதற்கு தேசப்பன் சிரித்தார். அவர் சிரித்து அவள் கேட்டதே இல்லை. அப்புறம் கதவு திறந்தது, காலிச் சொம்பு வெளியே நீண்டது, நிரப்பிக் கொடுத்தாள், மறுபடி சாத்திக்கொண்டது. மத்தியானத்துக்குள் அந்தச் சொம்பு பல தடவை வெளியே வந்தது.

அவர் உயிர் பிழைத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. கூடவே நெஞ்சு எரிந்தது. வேலையை விட்டு இத்தனை மாதம் தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. அந்தப் பாழாய்ப்போன முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? யாரிடம் சொல்வார், கோழியிடமா? ஷைனியும் இல்லாத வீட்டில் மருமகளிடம் சொல்லச் சொல்லி அவர் யாரைத்தான் கூப்பிட்டிருப்பார்?

நல்ல பெயர் போனது போனதுதான். அத்தை வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். சர்ச்சில் போதகர் வேறு ஒரு மருமகளைப் பிடித்துக்கொண்டார். அதெல்லாம் பரவாயில்லை. பீட்டர் சம்பளத்தில் வீடும் ஷைனி ஹாஸ்டலும் எபினேசரும் அடங்கவில்லை என்பதுதான் பிரச்சினை. கிறிஸ்டினா பழைய கம்பெனி வாசலில் போய் நின்றாள். இப்போதெல்லாம் சின்ன வயசுப் பெண்களைத்தான் எடுக்கிறோம் என்று செக்யூரிட்டியே சொல்லி அனுப்பிவிட்டான். பக்கத்தில் இரண்டு கம்பெனிகளிலும் அதே பதில்.

அந்தச் சமயத்தில்தான் ஆரோக்கியமேரிக்கு முழங்கால் போயிற்று. பெரியம்மாவைத் தூக்கி உட்கார வைக்க முடியவில்லை. வெளியாள் யாரோ வருவதற்குப் பதில் நீயே வாயேன் என்று மகளைக் கூப்பிட்டாள். பீட்டருக்கு அது ஒரு மாதிரிதான் இருந்தது. சொந்த மாமனாருக்குச் செய்ய முடியாததை ஊரான் வீட்டில் போய்ச் செய்யப் போறியா என்று கேட்க வாயெடுத்தான். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அதை விழுங்கிவிட்டான்.

பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தாள். ஹம்ஸா டீச்சர் மருந்துகளைக் காட்டினாள், பாத்ரூமைக் காட்டினாள், சமையலறைப் பக்கமும் பெருமாள் அறைப் பக்கமும் மட்டும் போக வேண்டாம் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே தர்மசங்கடமாக இருந்தது. லீவ் போட்டு நானே பாத்துக்கறேன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அம்மா ஒத்துக்கவே மாட்டேங்கறா என்று பாதியில் நிறுத்திவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிப் போனாள். போகும்போது அவள் முகத்தில் இருந்த களைப்பைக் கிறிஸ்டினாவுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்தான்.

கட்டிலில் செங்கமலவல்லி அம்மாள் சின்னக் குழந்தை அளவுக்குத்தான் இருந்தார். கிறிஸ்டினா தயங்கி நின்றாள். ஒரு காலத்தில் இந்த மாதிரி வீடுகளின் கொல்லைப் பக்கத்தோடு அவள் ஆட்கள் நின்றுவிடுவார்கள். அந்த அம்மாளுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

“மேரியோட பொண்ணா? என்ன பாத்துண்டு நிக்கறே? தூக்கு. விடியறதுலேர்ந்து அடக்கிண்டு கெடக்கேன்.”

தூக்கினாள். பெட் பேனை வைத்தாள். வேலை முடிந்ததும் கழுவி, வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்தாள். புடவை ஒரு பக்கம், ஜாக்கெட் ஒரு பக்கம் கிடந்தது. அந்த அம்மாள் கொஞ்சமும் கூசாமல் உத்தரத்தைப் பார்த்தபடி, கையைத் தூக்கு என்றால் தூக்கினார், காலை மடக்கு என்றால் மடக்கினார். கிறிஸ்டினாவுக்கும் கூச்சம் வரவில்லை. இவ்வளவு சுலபமா இந்த வேலை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே நேரத்தில் அங்கே எபினேசர் சாத்தின கதவுக்குப் பின்னால் இதைத்தான் செய்துகொண்டிருப்பான். அவனுக்குப் போகிற சம்பளம் இங்கிருந்துதான் போக வேண்டும்.

முதுகைத் துடைக்கும்போது அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். ஆத்துல யாரெல்லாம் இருக்கா என்று கேட்டார். வீட்டுக்காரர், மாமனார், ஹாஸ்டலில் ஒரு பெண் என்றாள் கிறிஸ்டினா. மாமனாருக்கு வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார் என்றும் சொன்னாள்.

“யார் பாத்துக்கறா?”

“ஆள் வெச்சிருக்கோம்மா.”

செங்கமலவல்லி அம்மாள் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். கண்ணில் உண்மையாகவே நீர் கட்டியிருந்தது.

“அடப் பாவமே. குத்துக்கல்லாட்டம் மாட்டுப்பொண் நீ ஒருத்தி இருக்கச்சே, யாரோ கூலி ஆள் கையிலயா அந்த மனுஷர் கெடக்கணும்?”

துணி கையில் அப்படியே நின்றது. சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. இந்த அம்மாளிடம் எதைச் சொல்வது? சொல்லத்தான் எங்கே தெம்பிருக்கிறது?

“பாவந்தாம்மா,” என்றாள் கிறிஸ்டினா. “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.” அந்த அம்மாள் திரும்பிக்கொடுத்தார். அவள் மிச்ச முதுகையும் துடைத்தாள்.